கழற்றாத கடிகாரம்

கல்யாண மண்டபங்களில் மணமகள் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கும். அதற்கு ஜன்னல் இருக்காது. இருந்தாலும் அதை மறைத்துக்கொண்டு அரிசி மூட்டைகள் நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அண்ணன் மகள் இந்துவின் கல்யாணம் நடந்த மண்டபத்திலும் அப்படி ஓர் அறை இருந்தது. இரண்டு ஆவணிக்கு முன்னால், காலை வெளிச்சம் வந்துகொண்டிருந்த நேரத்தில், அந்த அறையில் பாய் விரித்துச் சீர்த் தட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

எதையாவது வரிசைப்படுத்த வேண்டும் என்றால் எங்கள் வீட்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தேங்காய் ஒரே பக்கம் பார்த்து இருக்கும், வெற்றிலைக் காம்பு கலையாது, பட்டு வேட்டியின் கரை வெளியே தெரியும். ஐம்பதை நெருங்கும் வயதில், கல்யாணம் செய்துகொள்ளாமல், அண்ணன் வீட்டு மாடியில் தனியாக இருக்கும் ஒருத்திக்குக் கல்யாண வீட்டில் கிடைக்கிற பதவி அது. எனக்குப் பிடித்த பதவிதான்.

மாப்பிள்ளையின் அத்தை ராமலட்சுமி உள்ளே வந்தார். மகாராஜபுரத்துக்காரர். தாயில்லாத மாப்பிள்ளையைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர். தட்டுகள் மேடைக்குப் போகும் முன் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி வந்து பார்த்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். மோதிரத்தைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். கைக்கடிகாரப் பெட்டியைத் திறந்தார். கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்தார். பிறகு ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

“தாயி, இது ஓடலியே” என்றார்.

அவர் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை.

அந்த நிமிடத்துக்கு நான் திரும்பி வருவேன். அதற்கு முன் அந்தக் கடிகாரம் ஏன் நின்றது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் கையில் இருக்கிற கடிகாரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கடல் இல்லாத ஊரில்

என் வேலை தண்ணீரைச் சோதிப்பது. ராஜபாளையத்தில் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆய்வகம். மேல்நிலைத் தொட்டிகளில் ஏறி, குழாயடிகளில் குனிந்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து, குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். கை எப்போதும் ஈரம்.

என்னுடைய முதல் கடிகாரங்கள் எல்லாம் பெண்களுக்கானவை. சட்டைப் பொத்தான் அளவு முகப்பு, தங்க முலாம், வளையல் மாதிரி ஒரு பட்டை. தொட்டிக்குள் ஒரு முறை கையை விட்டால் கண்ணாடிக்குள் பனி மூடும். மறுநாள் உள்ளே ஒரு துளி நிற்கும். அதற்கு மறுநாள் முள் நிற்கும். ஒவ்வொன்றையும் அரிசிப் பானைக்குள் புதைத்துப் பார்த்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை.

பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினால் அரை மணி நேரம் பொறுத்துத்தான் மாதிரி எடுக்க வேண்டும். குறைத்தால் கணக்கு பொய். கைப்பேசியை எடுத்துப் பார்க்கலாமே என்பீர்கள். தொட்டி ஏணியில் ஒரு கையில் பாட்டிலும் மறு கையில் கம்பியுமாக நிற்கிறவளுக்குக் கைப்பேசி எந்தக் கையில்?

அப்படித்தான் கடலில் முக்குளிக்கிறவர்களுக்கான கடிகாரத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். எஃகு உடம்பு, தண்ணீர் புகாமல் திருகி மூடுகிற பக்கச் சாவி, இருட்டில் ஒளிரும் முட்கள். முகப்பைச் சுற்றிப் பல் வைத்த ஒரு வளையம். அந்த வளையம் ஒரே பக்கமாகத்தான் திரும்பும். அதிலுள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். கடலுக்கடியில் மூச்சுக் காற்றைக் கணக்கிடுவதற்காகச் செய்தது. எனக்குக் குளோரினைக் கணக்கிட.

விலையுயர்ந்த கம்பெனிகள் இந்த வகையில் செய்யும் கடிகாரங்களுக்கு வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் வாங்கியது அந்த ரகமில்லை. ஒரு சுமாரான பட்டுச் சேலையின் விலை. சேலை வாங்கவில்லை.

ராஜபாளையத்துக் கடைக்காரர் அதை எடுத்துக் காட்டவே யோசித்தார்.

“எக்கா, அது ஜென்ட்ஸ் வாட்ச்.”

“தெரியும்.”

“அத்தானுக்கா?”

“எனக்கு.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு எஃகுப் பட்டையின் கண்ணிகளைத் தட்டிக் கழற்ற ஆரம்பித்தார். என் கைக்கு அளவாக வந்ததும், கழற்றிய கண்ணிகளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

“பத்திரமா வைங்கக்கா. நாளப்பின்ன வீட்ல யாராச்சும் ஆம்பளக கட்டணும்னா சேத்துக்கிடலாம்.”

அந்தப் பொட்டலத்தை அலமாரியில் போட்டேன். பிரிக்கவில்லை.

ஊர் பேசியது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் என் கையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். “ஏட்டி, என்னட்டி இது கையில, சட்டி மூடி மாதிரி?” என்றார் அண்ணன். ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஜெபராஜ் முகப்பில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டான்.

“எக்கா, எரநூறு மீட்டர் தாங்கும்னு போட்டிருக்கே. நம்ம தாலுகாவுல அம்புட்டு ஆழம் எங்கக்கா இருக்கு?”

“ஒன் வாய்க்குள்ள எறக்கிப் பாப்போம், தொறலே” என்றேன்.

அதற்குப் பிறகு அவன் ஆழத்தைப் பற்றிப் பேசவில்லை.

கை இருந்தால் ஓடும்

இந்தக் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. உள்ளே அரை நிலா வடிவத்தில் ஓர் எடை இருக்கிறது. நாம் கையை வீசும்போது அது சுழன்று சுருளை முறுக்கும். சுருள் முள்ளை ஓட்டும். கட்டியிருக்கிறவரை ஓடிக்கொண்டே இருக்கும். கழற்றி வைத்தால் இரண்டு நாள் போல ஓடிவிட்டு நின்றுவிடும். பழுது இல்லை. மறுபடி எடுத்து நாலு ஆட்டு ஆட்டினால் ஓடும். அதன் இயல்பு அது.

தினமும் சில நொடிகள் முந்தி ஓடுகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். முதலில் அது என்னைத் தூங்கவிடவில்லை. எதிலும் துல்லியம் பார்க்கிறவளுக்கு முந்துகிற கடிகாரம் ஒரு சோதனை. ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்கு முன் நேரம் திருத்துவது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வாரம் முழுவதும் அது தன் இஷ்டத்துக்கு ஓடும். ஞாயிற்றுக்கிழமை என் இஷ்டம். எங்களுக்குள் ஒத்துப்போகிறது.

ஏணியில் நிற்கும்போது அந்த வளையத்தைத் திருப்புவேன். விரல் நுனியில் ஒவ்வொரு பல்லாக இடறி இடறித் திரும்பும். ஈர விரலுக்கும் வழுக்காது. பிளீச்சிங் வாசம் மூக்கில் ஏற, கீழே ஊரெல்லாம் ஓட்டுக் கூரையும் மில் புகைபோக்கியுமாகத் தெரிய, மலைக்கு மேல் மேகம் உட்கார்ந்திருக்க, அரை மணி நேரம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. என் நாளில் சிறந்த நேரம் அது.

அண்ணன் வாங்கியது

சட்டி மூடி என்ற அண்ணனே ஒரு நாள் மாடிக்கு வந்தார். என் அண்ணன் பாண்டி பஞ்சு வியாபாரி. படியேறினால் மூச்சு வாங்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏட்டி விஜயா, மாப்ள ஒன் வாட்ச் மாதிரி ஒண்ணு கேக்காராம். இந்து போட்டோ அனுப்பிருக்கா. பட்டாளத்துக்காரர் பாரு, அவியளுக்கு இதெல்லாம் பிடிக்கும்போல. மதுரைக்கு ஒரு எட்டு வாரியா?”

எங்கள் வீடுகளில் பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் கட்டிவிடுவான். தாலிக்கு முன்பு, மேடையில், எல்லோரும் பார்க்க. சீர் எடுப்பதில் அது ஒரு கௌரவம். என்ன கம்பெனி, என்ன விலை என்று அடுத்த கல்யாணம்வரை பேசுவார்கள்.

மதுரையில் வாங்கினோம். என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிது, அதே கறுப்பு முகப்பு. கடையிலேயே சொன்னேன். “அண்ணே, இதக் கட்டணும், இல்ல தெனமும் எடுத்து ஆட்டணும். சும்மா வச்சா நின்னுரும். ஏங்கிட்ட குடுங்க. கல்யாணம்வர ஓட விட்டுத் தாரேன்.”

“மாப்ளைக்கு வாங்குனத நீ கட்டுனா பழசாயிராதா?”

“அப்ப கட்டல. ஆட்டி மட்டும் வைக்கேன்.”

“புது வாட்ச்சு அதெல்லாம் நிக்காதுட்டி. எம்புட்டு குடுத்திருக்கோம்!”

வீட்டுக்கு வந்ததும் செல்வி மதினி பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். தாலி, மோதிரம், சங்கிலியோடு சேர்த்து பீரோவில் பூட்டினார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் இன்னொரு முறை கேட்டேன். பூட்டினதைச் சும்மா சும்மா திறக்கக் கூடாது என்று மதினி சொல்லிவிட்டார். நல்ல மனசு மதினிக்கு. பீரோவைத் திறந்தால் லட்சுமி வெளியே போய்விடுவாள் என்று உண்மையாகவே நம்புகிறவர்.

ஆக, கடிகாரம் இருட்டில், மஞ்சள் வாசத்தில், நிம்மதியாக நின்றுபோயிருக்கிறது.

மறுபடியும் அந்த அறை

“தாயி, இது ஓடலியே.”

நான் அவர் கையிலிருந்து வாங்கி நாலு ஆட்டு ஆட்டினேன். நொடி முள் ஓட ஆரம்பித்தது. என் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்தேன். “பாருங்கக்கா, ஓடுது. ரிப்பேர் இல்ல” என்று நீட்டினேன்.

ராமலட்சுமி வாங்கவில்லை. அரிசி மூட்டையில் உட்கார்ந்தார்.

“எங்க வீட்டுக்காரரும் பட்டாளந்தான் தாயி. அவரு வரல. பெட்டிதான் வந்துச்சு. தொறந்தேன். மடிச்ச துணிக்கு மேலாப்புல ஒரு கைக்கடியாரம். நின்னு கெடந்துச்சு.” புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். “இவனும் லீவு முடிஞ்சு அங்கதான போறான். அதான். வேற ஒண்ணுமில்ல.”

வெளியே நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பாருக்குப் பெருங்காயம் போட்ட வாசம் வந்தது.

அரை நிலா எடை, சுருள் என்றெல்லாம் எனக்குத் தெரிந்ததை அந்த இடத்தில் சொல்வது அசிங்கம். கடிகாரத்தைப் பெட்டியில் வைத்து மூடினேன். தட்டிலிருந்து பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கற்கண்டுக் கிண்ணத்தை நகர்த்தினேன்.

“இது மேடைக்குப் போகாதுக்கா” என்றேன்.

“வெறுங்கையோட தாலி கட்டட்டுமே, என்ன இப்ப? அவன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

அவ்வளவுதான். இரண்டு பெண்கள் இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டோம். நாங்கள் இருவரும் எதற்காக அந்தப் பின்னறையில் இருந்தோம் என்பதும் இருவருக்கும் தெரியும். அவர் கணவனை இழந்தவர். நான் கட்டிக்கொள்ளாதவள். ஆரத்தி எடுக்க, தாலித் தட்டைத் தொட்டுக் கும்பிட, எங்களை யாரும் கூப்பிடமாட்டார்கள். வையவும் மாட்டார்கள். உள்ளே ஏதாவது வேலை இருக்கும், பாருங்கள் என்பார்கள்.

“ஒன்னதக் கழட்டு”

அண்ணன் வந்தார். பின்னால் மதினியும் இந்துவின் தம்பி கார்த்தியும். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் அவன். கடிகாரம் கட்டிவிட வேண்டிய மச்சினன். புது வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டிருந்தான்.

“தட்டு ரெடியா? பத்து நிமிசத்துல கூப்பிடுவாங்க. வாட்ச் எங்க?”

நடந்ததைச் சொன்னேன். அண்ணன் முதலில் மதினியைப் பார்த்தார். மதினி பீரோச் சாவியைத் தொட்டுக்கொண்டார். பிறகு அண்ணன் சம்மந்தியம்மாவைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தார்.

“அதான் ஓடுதுங்கால்லா சம்மந்தி?”

“ஓடுது சம்மந்தி. ஆனா நான் பாத்துட்டேன்லா?”

கார்த்தி தன் கையிலிருந்து கறுப்பாக ஒன்றைக் கழற்றினான். தொட்டால் வெளிச்சம் வரும் புதுவகை. “அப்பா, இத வேணா இப்போதைக்குக் கட்டிருவோம்.”

ராமலட்சுமி அன்று முதல்முறையாகச் சிரித்தார். “அது ஒரு நிமிசத்துக்கு ஒருக்கா கத்துதே தம்பி. தாலி கட்டையில எவனாச்சும் போன் பண்ணுனா எம் மருமவன் கை பேசுமாக்கும்?”

“சீர்ல கடியாரம் உண்டுன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு” என்றார் அண்ணன். “நாளைக்கு எவனாச்சும் கேட்டா என்ன சொல்லுவேன்? பாண்டி சாமானக் கொறச்சிட்டாம்பான்.”

“நாந்தான் வேண்டாம்னுட்டேன்னு சொல்லுங்க சம்மந்தி.”

அண்ணன் காதில் அது விழவில்லை. அவர் பார்வை என் கைக்கு வந்திருந்தது.

“ஏட்டி, ஒன்னதக் கழட்டு.”

“எத?”

“வாட்ச்சத்தான். ஓடிக்கிட்டுத்தான இருக்கு? தொடச்சுப் பெட்டியில வச்சா எவனுக்குத் தெரியும். அதே கறுப்புதான. பொறவு ஒனக்கு வேற வாங்கித் தாரேன்.”

“நான் கட்டுனா பழசாயிரும்னிய.”

“இப்ப அதெல்லாம் பேசுத நேரமாட்டி?”

“மாட்டேண்ணே.”

எனக்கே அது சத்தமாகக் கேட்டது. மதினி என் தோளைத் தொட்டு, “செத்த நேரந்தான விஜயா, பொறவு வாங்கிக்கிடலாம்” என்றார். பொறவு வாங்க முடியாது என்று அவருக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு மேடையில் கட்டியதை எவள் போய்த் திருப்பிக் கேட்பாள்?

அண்ணன் ஓரடி முன்னால் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒனக்கு எதுக்குட்டி அது? புருசனா, பிள்ளையா? யாருக்கு நேரம் பாக்கப் போற?”

அறையில் எல்லோரும் தட்டுகளைப் பார்த்தார்கள். கார்த்தி பெல்ட்டை இறுக்கிக்கொண்டான்.

இந்த இடத்தில் ஒன்றை எழுதியாக வேண்டும். என்னிடம் ஒரு சுலபமான பதில் இருந்தது. என் கடிகாரத்தின் பட்டை என் கைக்கு அளவாகக் குறைத்தது. மாப்பிள்ளையின் மணிக்கட்டை நிச்சயதார்த்தத்தன்று பார்த்திருக்கிறேன். கடப்பாரை பிடித்த கை. அதில் இது பாதிகூடச் சுற்றாது. கழற்றிய கண்ணிகள் ராஜபாளையத்தில் என் அலமாரியில் கிடந்தன. “சேராதுண்ணே” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அண்ணனுக்குக் கோபம் வந்திருக்காது. மதினி பெருமூச்சு விட்டிருப்பார். நான் நல்ல தங்கச்சியாகவே இருந்திருப்பேன்.

வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அளவு சேர்ந்திருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அப்படியிருக்க, பட்டையின் பின்னால் ஒளிந்துகொள்வது எதற்கு? என் கை ஆரத்தித் தட்டுக்கு ஆகாது. அதில் கட்டியிருப்பது மட்டும் மேடைக்கு ஆகுமா?

“அண்ணே, ஏங்கிட்ட இருக்கிற எல்லாமே நீங்களும் அப்பாவும் வாங்கித் தந்தது. தோடு, சங்கிலி, இந்தா உடுத்தியிருக்க சேலை எல்லாம். வேணும்னா அத எல்லாம் இப்பவே கழட்டித் தாரேன். இது நான் வாங்குனது. நான் யாருக்கும் நேரம் பாக்கல. எனக்குப் பாக்கேன். இது இங்கனதான் இருக்கும்.”

“இனி எம் மொகத்துல முழிக்காத” என்றார் அண்ணன். தட்டுகளில் ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போனார். வெற்றிலை ஒன்று கலைந்து கீழே விழுந்தது.

ராமலட்சுமி எழுந்தார். “வா தாயி, வெளியே போயி உக்காருவோம். இங்க ஒரே வேக்காடா இருக்கு.”

“கூப்பிடலியே.”

“உக்காரதுக்கு எவன் கூப்பிடணும்? நாற்காலி வாடகைக்குத்தான வாங்கிப் போட்டிருக்கு.”

முதல் வரிசையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தோம். யாரோ ஒரு பெரியவர் இருமினார். ராமலட்சுமி அவரைத் திரும்பிப் பார்த்தார். இருமல் நின்றது. மாப்பிள்ளை மோதிரம் போட்டுக்கொண்டார், சங்கிலி போட்டுக்கொண்டார், வெறும் மணிக்கட்டோடு தாலி கட்டினார். மூன்று முடிச்சும் விழுந்தது. கெட்டி மேளம் கொட்டியது. அட்சதை என் தலையிலும் விழுந்தது. கைக்கடிகாரம் எங்கே என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பந்தியில் பால்கோவா இரண்டாம் முறை வருமா என்பதுதான் பேச்சாக இருந்தது.

அதற்குப் பிறகு

அண்ணன் சொன்னால் சொன்னதுதான். மாடிக்கு வருவது நின்றது. வாசலில் எதிரே பார்த்தால் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார். தீபாவளிக்கு வருடா வருடம் அவர் கையால் வரும் சேலை வரவில்லை. மதினி மட்டும் அதிரசத்தை ஒரு தூக்கில் போட்டுப் படியில் வைத்துவிட்டுப் போனார். நான் கடைத்தெருவுக்குப் போய் எனக்குப் பிடித்த நிறத்தில் ஒரு சேலை எடுத்தேன். அண்ணன் எப்போதும் எடுப்பது அரக்கு. நான் எடுத்தது சாம்பல் நிறம்.

அந்த வீட்டில் ஒரே சமையல் வாசம் இரண்டு மாடிக்கும் வரும். கீழே யார் இருமினாலும் மேலே கேட்கும். பேசாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் படி வரை இறங்கி, நின்று, கேட்டு, திரும்பி வந்திருக்கிறேன். எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

ஆனால் ஒரு முறைகூட, கழற்றிக் கொடுத்திருக்கலாமே என்று நினைக்கவில்லை. உறவு முறிந்ததற்கு வருத்தம் உண்டு. மாட்டேன் என்றதற்கு இல்லை. இரண்டும் ஒரே மனசில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நான் இரண்டையும் கலக்கவில்லை.

இந்து புருஷனோடு வடக்கே குவார்ட்டர்ஸுக்குப் போனாள். நின்றுபோன கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். பட்டையைக் குறைத்து அவளே கட்டிக்கொண்டிருக்கிறாள். சப்பாத்தி மாவு பிசைகிற படம் ஒன்று அனுப்பினாள். வளையத்தின் பல்லிடுக்கில் எல்லாம் மாவு. “அத்தே, நிக்கவே மாட்டேங்குது” என்று எழுதியிருந்தாள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவச் சொல்லிப் பதில் போட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடிகாரத்துக்கு நேரம் திருத்திவிட்டுப் பாலை அடுப்பில் வைத்திருந்தேன். படியில் காலடிச் சத்தம். பாதியில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறுகிற சத்தம். யார் என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் வாசல் நிலையில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

“கார்த்தி சொன்னான்.”

“என்ன சொன்னான்?”

“ஒன் வாட்ச்சு மாப்ள கைக்கே சேராதாம்லா. பட்டையக் கொறச்சிருக்காமே, கடைக்காரரு சொன்னாராம்.”

“ஆமா.”

“அன்னிக்கே அதச் சொல்லியிருந்தா நான் என்ன, பிடுங்கியா இருப்பேன்? இம்புட்டு நாளு இது தேவையா?”

“சேருமான்னு நீங்க கேக்கலண்ணே. தாரியான்னு கேட்டிய.”

பால் பொங்கி வந்தது. அடுப்பைக் குறைத்தேன். அவர் இன்னும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, விடு. நானும் அன்னிக்கு என்னமோ பேசிட்டேன். நீ ஒரு வார்த்த, தப்புதாம்ணேன்னு சொல்லிரு. முடிச்சிக்கிடுவோம். ஒன் மதினி தெனமும் அழுதா.”

அந்த ஒரு வார்த்தைக்காக அந்தப் படிகளை ஏறி வந்திருக்கிறார். கைப்பிடியை இன்னும் விடவில்லை. சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சொல்லிவிட்டால் அடுத்த முறை கேட்கும்போது கழற்ற வேண்டியிருக்கும். அது கடிகாரமாகத்தான் இருக்கும் என்றில்லை.

“தப்புன்னு சொல்ல மாட்டேன்” என்றேன். “காபி போட்டிருக்கேன். குடிக்கிறியளா?”

கைப்பிடியை விட்டார். பிறகு கையை நீட்டினார்.

உட்காரவில்லை. நின்றுகொண்டே, ஊதி ஊதி, அடிவரைக்கும் குடித்தார். டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தார். படிக்குத் திரும்பி ஒரு காலை இறக்கினவர், அங்கே நின்று, “சீனி கம்மி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சீனி சரியாகத்தான் போட்டிருந்தேன்.